ஹாம் ரேடியோ ஆன்டெனா கம்பியும் ஃபீட்லைனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் எடுத்தவர்கள் முதல் ஆன்டெனாவைக் கட்டும்போது என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். விதி என்று வரும் இடங்களில் நான் சொல்வது அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பின் 810-ஆம் பிரிவை. ரேடியோ, தொலைக்காட்சி ஆன்டெனாக்களுக்கென்றே எழுதப்பட்ட பிரிவு அது. தொகுப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள சட்டமே உங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் கம்பி அறுவதும் மின்னல் இறங்குவதும் எந்த நாட்டிலும் ஒன்றுபோலத்தான்.

கேஜ் நம்பர் ஏறினால் கம்பி தடிக்குமா, மெலியுமா?

மெலியும். கம்பியைச் சிறிய துளைகள் வழியே திரும்பத் திரும்ப இழுத்து மெலிதாக்கிய பழக்கத்திலிருந்து வந்த எண் இது. இழுப்பு கூடக் கூட எண் கூடும், கம்பி இளைக்கும். அமெரிக்க கேஜில் மூன்று எண் ஏறினால் குறுக்குப் பரப்பு பாதியாகும், ஆறு எண் ஏறினால் விட்டம் பாதியாகும். 14 கேஜ் 1.63 மி.மீ., 12 கேஜ் 2.05 மி.மீ., 10 கேஜ் 2.59 மி.மீ., 6 கேஜ் 4.11 மி.மீ.

ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் கேஜ் என்று இன்னொன்று உண்டு. அதில் 14 என்றால் 2.03 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட அமெரிக்க 12. கடையில் வெறும் எண்ணைக் கேட்டு வாங்காதீர்கள், மில்லிமீட்டரில் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் வரும் கேஜ் எல்லாம் அமெரிக்க கேஜ்.

சரி, டைபோலுக்கு எத்தனை கேஜ்தான் போடுவது?

டைபோல் என்பது நடுவில் பிரித்து அங்கே கேபிளை இணைக்கும் கம்பி ஆன்டெனா. ஒலிபரப்பும் நிலையத்துக்கு விதி இரண்டே வரிதான். தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையே 150 அடிக்குள், அதாவது 45 மீட்டருக்குள் இருந்தால் 14 கேஜுக்கு மெலியக் கூடாது. அதைத் தாண்டினால் இழுத்துக் கடினமாக்கிய செம்புக் கம்பியில் 10 கேஜ், செம்பு பூசிய எஃகு போன்ற வலுவான கம்பியில் 12 கேஜ். 40 மீட்டர் அலைவரிசை டைபோல் மொத்தமே 20 மீட்டர் நீளம்தான் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு 14 போதும்.

கேட்பதற்கு மட்டும் பயன்படும் ஆன்டெனாவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. 35 அடிக்குக் குறைவான தூரத்துக்குக் கடினச் செம்பு 19 கேஜ்கூட அதில் செல்லும். பலர் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ஒலிபரப்பும் ஆன்டெனாவுக்கும் அதுவே என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

100 வாட்டுக்கு 14 கேஜ் எதற்கு சார்? ஓடுவதே ஒரு ஆம்பியர்தானே?

கணக்கு சரிதான். டைபோலின் நடுவில் 73 ஓம் என்று வைத்தால் 100 வாட்டுக்குச் சுமார் 1.2 ஆம்பியர், 1500 வாட்டுக்குக்கூட 4.5 ஆம்பியர்தான். அதற்கு முடி போன்ற கம்பியே போதும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 7 மெகாஹெர்ட்ஸில் 26 கேஜ் செம்புக் கம்பியில், அதாவது 0.4 மி.மீ. கம்பியில், டைபோல் கட்டினால் 100 வாட்டில் ஏறக்குறைய 7 வாட் கம்பியிலேயே சூடாகப் போகும். 14 கேஜில் 2 வாட்டுக்கும் குறைவு. மறுமுனையில் கேட்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

விதி கவலைப்படுவது மின்னோட்டத்தைப் பற்றி அல்ல, கம்பி அறுந்து விழுவதைப் பற்றி. அதனால்தான் அந்தப் பட்டியலில் வாட் என்ற பேச்சே இல்லை. இருப்பது தூரமும் உலோகமும் மட்டும். வீட்டு வயரிங் கேஜ் பட்டியலைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

வீட்டு வயரிங்கில் மீந்த வயர் சுருளாகக் கிடக்கிறது. அதையே கட்டிவிடலாமா?

இரண்டு நாள் சோதனைக்குக் கட்டலாம். நிரந்தரமாக வேண்டாம். வயரிங் செம்பு வளைந்து கொடுப்பதற்காக இளக்கப்பட்டது, இழுவிசையில் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். விதியும் ஆன்டெனாவுக்குக் கடினச் செம்பு, வெண்கலம், அலுமினியக் கலவை, செம்பு பூசிய எஃகு போன்றவற்றையே கேட்கிறது. இளகிய செம்பை வீட்டுக்குள் இறங்கும் கம்பிக்கு மட்டும், அதுவும் தாங்கல்களுக்கு இடையே 35 அடிக்குக் குறைவாக இருந்தால் அனுமதிக்கிறது.

என் முதல் டைபோல் இந்த வயரில் கட்டியதுதான். ஒவ்வொரு காற்றுக் காலத்துக்குப் பிறகும் ஆன்டெனா ஒத்ததிரும் அதிர்வெண் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ட்யூனரைச் சந்தேகப்பட்டேன், கனெக்டரை மாற்றினேன், கடைசியில் கம்பியை இறக்கி அளந்தால் 20 செ.மீ. நீண்டிருந்தது. 20 மீட்டரில் அது ஒரு சதவீதம். 7100 கிலோஹெர்ட்ஸுக்கு வெட்டியது 7030-க்கு வந்துவிட்டது.

எவ்வளவு இழுத்துக் கட்டலாம்? நடுவில் தொங்குவது பார்க்க நன்றாகவே இல்லையே.

தொங்கட்டும். 14 கேஜ் கடினச் செம்பு ஏறக்குறைய 95 கிலோ இழுவையில் அறுந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 9 கிலோ, அன்றாட இழுவையாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் காற்றுக்கும் பனிக்கும் கம்பியில் வந்து உட்காரும் பறவைகளுக்கும்.

தொய்வைக் கணக்கிடுவது எளிது. ஒரு மீட்டர் கம்பியின் எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இழுவையின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 14 கேஜ் செம்பு மீட்டருக்கு 18.5 கிராம். 40 மீட்டர் தூரம், 9 கிலோ இழுவை என்றால் தொய்வு 41 செ.மீ. இதைப் பாதியாக்க ஆசைப்பட்டால் இழுவை 18 கிலோ ஆகவேண்டும். கண்ணுக்கு அழகான அந்த 20 சென்டிமீட்டருக்காகப் பாதுகாப்பில் பாதியைக் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஒரு முனை மரத்தில் என்றால் கயிற்றை மரத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். கப்பி ஒன்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையில் எடையைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது எடை ஏறி இறங்கும், இழுவை மாறாது. ஒன்பது கிலோ எடை என்றால் ஒன்பது கிலோ இழுவை, வேறு கணக்கே வேண்டாம்.

அறுந்த கம்பியை முறுக்கி சால்டர் வைத்துவிட்டேன். போதும்தானே?

போதாது. சால்டர் மின் இணைப்புக்குத்தான், பாரம் தாங்க அல்ல. தவிர, கடினச் செம்பைச் சூடாக்கினால் அந்த இடம் மட்டும் இளகி, மேலே சொன்ன வயரிங் செம்பு போல ஆகிவிடும். விதி கேட்பதும் கம்பியின் வலுவைக் குறைக்காத இணைப்பைத்தான். அழுத்திப் பிடிக்கும் ஸ்லீவ் போடுங்கள், அல்லது நடுவில் ஒரு இன்சுலேட்டர் வைத்து பாரத்தை அதில் ஏற்றி, பாரம் இல்லாத தளர்ந்த துண்டு ஒன்றால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து சால்டர் வையுங்கள். என்னைக் கேட்டால், முழுக் கம்பியையும் மாற்றிவிடுவேன். ஒருமுறை அறுந்த கம்பிக்கு இன்னொரு பலவீனமான இடமும் இருக்கும்.

செம்பு பூசிய எஃகில், எஃகு வழியாகக் கரண்ட் போய் வீணாகாதா?

உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் தோலில்தான் ஓடும். செம்பில் அந்தத் தோலின் ஆழம் 14 மெகாஹெர்ட்ஸில் 0.018 மி.மீ., 7 மெகாஹெர்ட்ஸில் 0.025 மி.மீ. செம்புப் பூச்சு அதைவிடத் தடிமன் என்பதால் உள்ளே எஃகு இருப்பதே மின்னோட்டத்துக்குத் தெரியாது.

1.8 மெகாஹெர்ட்ஸில் கதை கொஞ்சம் வேறு. தோலாழம் 0.05 மி.மீ. ஆகிறது. பல மெல்லிய இழைகளை முறுக்கிய வகையில் ஒவ்வொரு இழையின் பூச்சும் மிக மெலிது என்பதால் எஃகுக்குள்ளும் ஓட்டம் இறங்கி, இழப்பு கூடும். அங்கே ஒற்றைக் கம்பியாக வருவதே மேல். இன்னொன்று: பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். இடுக்கியால் கடித்து இழுக்காதீர்கள்.

மின்சார லைனிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஆன்டெனா, கம்பம், அதன் இழுவைக் கம்பி, எது எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பிக்கு 10 அடிக்குள் வரக் கூடாது. நிற்கும்போது உள்ள தூரம் கணக்கில்லை, விழும்போது உள்ள தூரம்தான் கணக்கு. 40 அடிக் கம்பம் என்றால் அதன் அடியிலிருந்து குறைந்தது 50 அடி. உச்சியில் செங்குத்து ஆன்டெனா இருந்தால் அந்த நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த மின்கம்பிகளுக்கு மேலே ஆன்டெனா குறுக்கே போவதை விதி அறவே தடுக்கிறது. கீழே போவதையும் முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. மேலே போனால் ஆன்டெனா அறுந்து லைன்மீது விழும், கீழே போனால் லைன் அறுந்து ஆன்டெனாமீது விழும். மின்கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டுவது பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

உயரமான கிளைமேல் கயிறு போட உண்டிவில் பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் லைன் இருந்தால் குறி தவறிய கயிறு அதன்மேல் போய்ப் படும். நனைந்த கயிறு மின்சாரத்தைக் கடத்தும்.

என் கம்பியில் இன்சுலேஷன் இருக்கிறதே, அப்போதும் ஆபத்தா?

ஆபத்துதான். அந்த உறை சில நூறு வோல்ட்டுக்கு. தெரு லைனில் பல ஆயிரம் வோல்ட் ஓடலாம். வெயிலில் சில வருடம் கிடந்த உறை எந்த நிலையில் இருக்கும் என்பதும் ஒரு கேள்வி. ஆக, உறை இருந்தாலும் முந்தைய பதிலில் ஒரு அடிகூடக் குறையாது.

கோஆக்ஸ் கேபிளின் நடுக் கம்பி 14 கேஜைவிட மெலிதாக இருக்கிறது. அப்படியென்றால் அது விதிமீறலா?

நல்ல கேள்வி. கோஆக்ஸ் என்பது நடுக் கம்பியைச் சுற்றிக் காப்பும் அதன்மேல் உலோக உறையும் உள்ள கேபிள். விதியின் நோக்கம் வலு என்று மேலே சொன்னேன் அல்லவா, இங்கேயும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கேட்க மட்டும் செய்யும் நிலையங்களுக்கான பகுதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஒரே உறைக்குள் இருக்கும் கம்பிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒலிபரப்புப் பகுதியில் எர்த் செய்யப்பட்ட, இடைவெளியில்லாத உலோக உறை உள்ள கேபிளுக்குச் சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆனாலும் டைபோலின் நடுவிலிருந்து 20 மீட்டர் கேபிள் தன் எடையைத் தானே சுமந்து தொங்கக் கூடாது. நடு இன்சுலேட்டரில் கேபிளை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி, பாரத்தை உறைக்குக் கொடுங்கள். கீழே கேபிள் சுவரில் நுழையும் முன் U வடிவில் ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அதன் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது.

ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் போதாதா? தடித்த கேபிளை வளைக்கவே முடியவில்லை.

எந்த அதிர்வெண், எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. 30 மீட்டர் நீள ஆர்ஜி-58, 30 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2.5 டெசிபல் தின்னும். 100 வாட் கொடுத்தால் ஆன்டெனாவுக்கு 56 வாட் போகும். அதே நீளத்தில் தடித்த ஆர்ஜி-213-இல் 76 வாட் போகும். 7 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் ஓட்டம் என்றால் ஆர்ஜி-58 தாராளமாகப் போதும். 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் என்றால் கதை முடிந்தது: ஆர்ஜி-58-இல் சுமார் 6 டெசிபல், நாலில் மூன்று பங்கு வழியிலேயே சூடாகிப் போகிறது. எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிளில் சுமார் ஒன்றரை டெசிபல்தான்.

வளைப்பதைப் பற்றி: திரும்பத் திரும்ப வளையும் இடத்தில் கேபிள் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு ஆரம் கொடுங்கள். உள்ளே நுரை வகைக் காப்பு உள்ள கேபிளைக் கூர்மையாக மடித்தால் நடுக் கம்பி மெல்ல நகர்ந்து உறையை நெருங்கும். இன்று எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் அளவு) சரியாக இருக்கும், ஒரு கோடையில் ஷார்ட் ஆகும்.

450 ஓம் ஏணி லைன் 18 கேஜில் வருகிறதே, அது?

ஏணி லைன் என்பது இடைவெளி விட்டு இணையாக ஓடும் இரண்டு கம்பி. விதியை எழுத்துப்படி படித்தால் வீட்டுக்குள் இறங்கும் கம்பியும் ஆன்டெனாவின் அளவுக்குக் குறையக் கூடாது. 18 கேஜ் அதில் பொருந்தாது. நிறையப் பேர் கட்டியிருக்கிறார்கள் என்பது பதில் ஆகாது. 14 கேஜிலும் ஏணி லைன் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

இதற்கு எர்த் உறை கிடையாது என்பதால் கோஆக்ஸுக்குக் கிடைத்த சலுகைகள் கிடையாது. சுவரிலிருந்து குறைந்தது 3 அங்குலம் தள்ளி, நீர் உறிஞ்சாத இன்சுலேட்டரில் நிற்க வேண்டும். சுவரில் நுழையும் இடத்தில் தீப்பிடிக்காத காப்புக் குழாய் வேண்டும். இரண்டு கம்பிக்கும் மின்னலை நிலத்துக்குக் கடத்தும் சாதனம் வேண்டும். யாரும் தற்செயலாகத் தொட முடியாத வழியாகப் போக வேண்டும். ஆன்டெனாவோடு லைன் பொருந்தி இருக்கும்போது 100 வாட்டுக்கு 212 வோல்ட்தான். ஆனால் ஏணி லைனைப் போடுகிறவர்கள் பொருந்தாத ஆன்டெனாவுக்காகத்தானே போடுகிறார்கள்? அப்போது சில இடங்களில் அது பல மடங்காகும்.

எர்த் கம்பி எத்தனை கேஜ்? ஒருவர் 14 என்கிறார், இன்னொருவர் 6 என்கிறார்.

இரண்டு பேரும் சரி, வேறு வேறு கம்பியைச் சொல்கிறார்கள். ரேடியோ வேலை செய்வதற்கான எர்த் கம்பிக்குச் செம்பு 14 கேஜ் போதும். மின்னல், மின் கசிவிலிருந்து காக்கும் எர்த் கம்பிக்கு இறங்கு கம்பியின் அளவாவது வேண்டும், எப்படியும் 10 கேஜுக்குக் குறையக் கூடாது. ஆன்டெனாவுக்கென்று தனி எர்த் கழி அடித்திருந்தால் அதை வீட்டு மின் இணைப்பின் எர்த்தோடு சேர்க்கும் கம்பி செம்பு 6 கேஜ். எது எதற்கு என்று ஆராயாமல் எல்லாவற்றுக்கும் 6 போடுவது என் வழக்கம்.

வீட்டு எர்த்தோடு சேர்த்தால் இரைச்சல் வருமே. தனியாகவே விடக்கூடாதா?

கூடாது. பக்கத்தில் மின்னல் இறங்கும்போது இரண்டு எர்த் கழிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் உங்கள் ரிக், அதாவது ரேடியோப் பெட்டி. ஆன்டெனா பக்கம் ஒரு எர்த், பவர் சப்ளை பக்கம் இன்னொரு எர்த், நடுவில் நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு. சேர்த்துவிட்டால் எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இரைச்சல் வந்தால் கோஆக்ஸில் ஃபெரைட் வளையம் போட்டுச் சமாளியுங்கள்.

இன்னும் தடித்த எர்த் கம்பி போட்டால் மின்னலுக்குக் கவலையில்லையா?

தடிமனைவிட நீளமும் வளைவும்தான் முக்கியம். நேர்க் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோஹென்றி தூண்டம் உண்டு. மின்னோட்டம் ஒரு மைக்ரோ நொடியில் 10,000 ஆம்பியர் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் எழும். விட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்தத் தூண்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குறையும். பட்டையான செம்புத் தகடு அதே எடைக் கம்பியைவிட நல்லது. குறுகிய பாதை எதையும்விட நல்லது.

வழியில் செங்கோணத்தில் மடிக்காதீர்கள், மின்னலுக்கு மூலையில் திரும்பத் தெரியாது, சுவரில் தாவிவிடும். இணைப்புகளில் சால்டரை நம்பாதீர்கள், அந்தச் சூட்டில் உருகிப்போகும். கவ்விகள் போடுங்கள். கோபுரம் என்றால் ஒவ்வொரு காலுக்கும் 8 அடிக் கழி ஒன்று அடித்து, அவற்றைக் கோபுரத்தோடும் ஒன்றோடொன்றும் இணைக்க வேண்டும்.

இடி இடித்தால் கேபிளைக் கழற்றி கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டுவிடுவேன். அது போதுமே?

இந்தப் பாட்டில் வைத்தியம் பழையது, பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் தாண்டி வந்தது பாட்டிலின் கண்ணாடிக்கு மரியாதை கொடுக்குமா? பாட்டில் இருப்பதும் உங்கள் மேசைமேல்தானே. கழற்றுவதை வீட்டுக்கு வெளியே, கேபிள் நுழையும் இடத்தில் செய்யுங்கள். அங்கேயே உறையை எர்த் செய்து, நடுக் கம்பிக்கு மின்னல் தடுப்பானும் வையுங்கள். எர்த் செய்த கோஆக்ஸுக்குத் தடுப்பான் விதிப்படி கட்டாயமில்லை. நான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் உறை எர்த் ஆனாலும் நடுக் கம்பி எர்த் ஆகவில்லை.

இடி கேட்க ஆரம்பித்த பிறகு கழற்றப் போகாதீர்கள். வானம் கறுக்கும் முன் செய்யாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ரிக்குக்குப் போகும் 13.8 வோல்ட் வயருக்கும் 14 கேஜ் போடலாமா?

இது வேறு உலகம். இங்கே வலு இல்லை, மின்னோட்டம்தான் கணக்கு. 100 வாட் ரிக் ஒலிபரப்பும்போது 20 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர். 14 கேஜில் ஒரு வோல்ட் வழியிலேயே விழும், 10 கேஜில் 0.4 வோல்ட். கொஞ்சம் இறங்கிய பேட்டரியில் அந்த அரை வோல்ட்தான் ரிக் அணைவதற்கும் அணையாமல் இருப்பதற்கும் வித்தியாசம். ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அது காப்பது வயரை.

அக்கம்பக்கத்தில் தெரியாதபடி மிக மெல்லிய கம்பி கட்ட ஆசை. அதிக பவர் இல்லை, 100 வாட்தான்.

மின்கணக்கு உங்கள் பக்கம், மூன்றாவது கேள்வியிலேயே சொன்னேன். விதி உங்கள் பக்கம் இல்லை, அதுவும் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அது போக ஒரு விஷயம். கண்ணுக்குத் தெரியாத கம்பி உங்களுக்கு வசதி, அடுத்த வீட்டுப் பையனுக்கு ஆபத்து. டைபோலின் முனைகளில் 100 வாட்டிலேயே பல நூறு வோல்ட் நிற்கும், 1500 வாட்டில் சில ஆயிரம். வீட்டு ஷாக் போல அது உதறாது. தொட்ட இடத்தில் தோலுக்குள் சுட்டுவிடும், ஆற நாளாகும்.

கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முனைகளை யார் கையும் எட்டாத உயரத்தில் வையுங்கள், உறையிட்ட கம்பியாகப் போடுங்கள், மின் லைன் இருக்கும் பக்கம் போகவே போகாதீர்கள், மாதம் ஒருமுறை இறக்கி முடிச்சுகளைப் பாருங்கள். மொட்டைமாடியில் துணி காயப்போட வருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதோடு ரகசியம் போய்விடும், அப்புறம் 14 கேஜே கட்டிவிடலாம்.